புரோஸ்டேட் புற்றுநோய் அறுவையில் விறைப்பு நரம்புகளைக் காத்தல்: முடிவெடுப்பதிலிருந்து மீட்சி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புரோஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் அகற்றிக்கொள்ள ஒப்புக்கொண்ட ஒருவரிடம், “நரம்பைக் காப்பாற்றித்தான் செய்யப்போகிறோம்” என்று மருத்துவர் சொல்லும்போது, ஆணுறுப்பின் விறைப்பு பழையபடியே இருக்கும் என்ற உறுதிமொழியாகவே அதை அவர் எடுத்துக்கொள்கிறார். பின்னர் பல மாதங்கள் கழிந்தும் விறைப்பு திரும்பாதபோது, ஒன்று மருத்துவர் பொய் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறார், அல்லது தன் ஆண்மையே போய்விட்டது என்று மனம் உடைகிறார். இரண்டுமே உண்மையாக இருக்கவேண்டியதில்லை. நரம்பைக் காப்பது என்பதற்குப் பல அளவுகள் உண்டு. வலப்பக்கத்திற்கு ஓர் அளவும் இடப்பக்கத்திற்கு வேறோர் அளவும் அமையலாம். காத்த நரம்பும்கூட மாதக்கணக்கில் செயலற்றுக் கிடந்து பிறகே விழித்தெழும். இந்த மூன்றையும் அறுவைக்கு முன்பே தெரிந்துகொண்டவர் தம் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்கமுடியும் என்பதால்தான், முடிவெடுக்கும் நாளிலிருந்து மீட்சி வரை ஒவ்வொரு படியையும் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். இது பொது விளக்கமே. ஒருவருடைய நோய்க்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பரிசோதித்த சிறுநீரகவியல் அறுவை மருத்துவரே சொல்லமுடியும்.

முதலில், அந்த நரம்புகள் எங்கே ஓடுகின்றன

புரோஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், அக்ரூட் கொட்டை அளவில் அமைந்த சுரப்பி. சிறுநீர் வெளியேறும் குழாயாகிய சிறுநீர்ப்புறவழி அதன் நடுவே செல்கிறது. சுரப்பிக்குக் கீழேயே, சிறுநீரை அடக்கிவைக்கும் சுருக்குத்தசை இருக்கிறது. விறைப்பை உண்டாக்கும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, இடுப்பறையின் இரு பக்கங்களிலும் வலைபோலப் பின்னி, அங்கிருந்து புரோஸ்டேட்டின் பின்பக்க ஓரங்களை ஒட்டி இறங்கி ஆணுறுப்புக்குச் செல்கின்றன. சுரப்பியின் குறுக்குவெட்டை ஒரு கடிகார முகப்பாக வைத்துக்கொண்டால், 5 மணி, 7 மணி நிற்கும் இடங்களே இவற்றின் பாதை. சிறு தமனிகளும் சிரைகளும் இவற்றோடு சேர்ந்தே ஓடுவதால், இந்தத் தொகுதியை நரம்பு-இரத்தநாளக் கற்றை என்கிறார்கள்.

இன்று பாடநூல் செய்தியாகிவிட்ட இந்த உண்மை 1980கள் வரை யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் 1904இல் புரோஸ்டேட்டை முழுமையாக அகற்றும் அறுவையைச் செய்த காலத்திலிருந்து, ஏறத்தாழ எல்லா நோயாளிகளும் விறைப்பை இழந்தார்கள். நரம்புகள் சுரப்பிக்குள்ளேயே ஓடுகின்றன, எனவே இழப்பைத் தவிர்க்கவே முடியாது என்பது பொதுவான நம்பிக்கையாக இருந்தது. அதே மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் என்ற அறுவை மருத்துவரிடம் 1977இல் ஒரு நோயாளி, அறுவைக்குப் பிறகும் தமக்கு விறைப்பு இயல்பாக இருப்பதாகச் சொன்னார். சுரப்பி போன பின்னும் நரம்பு வேலை செய்கிறது என்றால், நரம்பு சுரப்பிக்கு வெளியேதான் ஓடவேண்டும். அதை நிறுவ ஆதாரம் கிடைத்தது 1981 பிப்ரவரியில், நெதர்லாந்தின் லைடன் நகரில். அங்கே ஓய்வுபெற்ற சிறுநீரகவியல் பேராசிரியர் பீட்டர் டோங்கர், இறந்து பிறந்த ஓர் ஆண்சிசுவின் இடுப்பறையைக் கூறிட்டு நரம்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். முதிர்ந்த உடலில் கொழுப்பும் நாரும் நரம்பை மறைத்துவிடும். சிசுவின் உடலில் அது தெளிவாகத் தெரியும். இருவரும் சேர்ந்து சில மணி நேரம் தேடியதில், விறைப்பு நரம்புகள் புரோஸ்டேட்டின் உறைக்கு வெளியே தனித்து ஓடுவதைக் கண்டார்கள்.

கண்டுபிடித்த பின்னும் ஒரு சிக்கல் மிஞ்சியது. உயிருள்ள மனிதரில் இந்த இழைகள் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெல்லியவை. ஆனால் அவற்றோடு ஓடும் இரத்தநாளங்கள் தெரியும். நாளத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு நரம்பைக் காக்கலாம் என்று வால்ஷ் கணித்தார். அதற்கு முன்பே, அறுவைக் களத்தை இரத்தத்தால் நிரப்பிவந்த முன்பக்கச் சிரைத் தொகுதியைக் கட்டுப்படுத்தும் முறையையும் அவர் வகுத்திருந்ததால், நாளத்தைப் பார்க்கும் தெளிவு கிடைத்திருந்தது. 1982 ஏப்ரல் 26 அன்று, 52 வயதான ஒருவருக்கு, நரம்பைக் காக்கும் நோக்கத்துடனேயே திட்டமிட்ட முதல் அறுவையை அவர் செய்தார். ஓராண்டுக்குள் அந்த நோயாளிக்கு விறைப்பு திரும்பியது.

பின்னர் வந்த ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைச் சற்று மாற்றின. பலருக்கு நரம்பிழைகள் ஒரே கயிறாகத் திரண்டிராமல், சுரப்பியின் பக்கவாட்டிலும் சிலருக்கு முன்பக்கம் வரையிலும் மெல்லிய திரைபோலப் பரவியிருக்கின்றன. அறுவை மேசையில் இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

படி 1: இந்த அறுவை இப்போது தேவைதானா

நரம்பைக் காக்க மிகச் சிறந்த வழி, தேவையற்ற அறுவையைத் தவிர்ப்பதே. பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வில், சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் உடைய 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அறுவையும் இன்னொரு பிரிவினருக்குக் கதிர்வீச்சும் அளித்து, மூன்றாம் பிரிவினரைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவுகளின்படி, புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவுகளிலும் ஏறத்தாழ 3 சதவீதம்தான். நோய் பரவுவது மட்டும் கண்காணிப்புப் பிரிவில் கூடுதலாக இருந்தது. எனவே தீவிரம் குறைந்த நோய் உடையவர், முறையான கண்காணிப்பில் இருந்துகொண்டு அறுவையைத் தள்ளிவைக்க முடியுமா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் மறுவாரமே வெட்டி எடுத்துவிடத் துடிப்பது இயற்கைதான். ஆனால் பெரும்பாலான புரோஸ்டேட் புற்றுநோய்கள் சில வாரங்கள் யோசிக்க இடம் தருகின்றன. அந்த வாரங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: இன்றைய நிலையை உள்ளபடி எழுதிவைத்தல்

அறுவைக்குப் பிந்தைய விறைப்பைத் தீர்மானிக்கும் காரணிகளில் முதன்மையானவை மூன்று: நோயாளியின் வயது, அறுவைக்கு முன் இருந்த விறைப்பின் தரம், நரம்பு காக்கப்பட்ட அளவு. முதல் இரண்டும் அறுவை மருத்துவரின் கையில் இல்லை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், இதய நோய் ஆகியவை நரம்பையும் நாளத்தையும் ஏற்கெனவே நலிவடையச் செய்திருக்கலாம்.

இதை அளக்க 5 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் உச்ச மதிப்பெண் 25. 22 அல்லது அதற்கு மேல் பெற்றால் விறைப்பு இயல்பாக இருப்பதாகக் கொள்வர். இதைக் கூச்சத்தால் உயர்த்தி நிரப்புவோர் உண்டு. அப்படிச் செய்தால் பின்னர் எதிர்பார்ப்பும் பொய்யாக உயர்ந்துவிடும். ஏற்கெனவே 10 மதிப்பெண்ணில் இருப்பவருக்கு இரு பக்க நரம்பையும் முழுமையாகக் காத்தாலும் அதைவிடச் சிறந்த நிலை வரப்போவதில்லை. வினாத்தாளை மனைவியோடு சேர்ந்து நிரப்புவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. நம் வீடுகளில் இந்தப் பேச்சு எழுவதே இல்லை. ஆனால் அறுவைக்குப் பின்வரும் இரண்டு ஆண்டுகளை இருவரும் சேர்ந்தே கடக்கவேண்டியிருக்கிறது.

இனிக் குழந்தை பெறும் எண்ணம் உடையவர்கள், அறுவைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவைக்க வேண்டும். புரோஸ்டேட்டும் விந்துப்பைகளும் அகற்றப்பட்டு விந்துநாளங்களும் துண்டிக்கப்படுவதால், நரம்பு எவ்வளவு நன்றாகக் காக்கப்பட்டாலும் விந்து வெளியேறுவது நின்றுவிடும். உச்ச உணர்வு மட்டும் அதோடு போவதில்லை. ஆணுறுப்பின் தொடு உணர்வுக்கும் உச்சத்திற்கும் உரிய நரம்பு வேறு பாதையில் செல்கிறது. அறுவையில் பொதுவாக அதைத் தொடுவதில்லை.

படி 3: எந்தப் பக்கம், எவ்வளவு

எல்லாவற்றிலும் கடினமான முடிவு இதுதான். புரோஸ்டேட்டின் உறைக்கும் நரம்புக் கற்றைக்கும் இடையே இருப்பது மில்லிமீட்டர் கணக்கிலான இடைவெளி. கத்தி உறையை ஒட்டிச் சென்றால் நரம்பு முழுமையாகத் தப்பும். ஆனால் புற்றுநோய் உறையைத் தாண்டி வெளியே கால்வைத்திருந்தால், அதில் ஒரு துளி உள்ளேயே தங்கிவிடும். நீக்கிய சுரப்பியின் வெட்டு விளிம்பில் புற்றணுக்கள் தெரிவதை நேர்மறை விளிம்பு என்பார்கள். அது நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகிறது. கத்தி விலகிச் சென்றால் புற்றுக்குப் பாதுகாப்பு, நரம்புக்கு இழப்பு. இதில் முன்னுரிமை எதற்கு என்பதில் ஐயம் இருக்கக்கூடாது: நோயை அகற்றுவதற்காகவே இந்த அறுவை, அந்த எல்லைக்குள் நின்றுதான் நரம்பைக் காக்க முடியும்.

மருத்துவர் இதைக் கணிக்க நான்கு வகைத் தகவல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார். மலக்குடல் வழியாக விரலால் தொட்டுப் பார்த்ததில் கட்டி எந்தப் பக்கம் தட்டுப்பட்டது என்பது ஒன்று. புரோஸ்டேட் சுரக்கும் புரதமாகிய பி.எஸ்.ஏ. இரத்தத்தில் எந்த அளவில் இருக்கிறது என்பது இன்னொன்று. பயாப்ஸியில், அதாவது ஊசியால் எடுத்த திசுச் சோதனையில், எந்தெந்த ஊசித்துண்டுகளில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு நீளத்திற்குப் புற்று இருந்தது, அதன் தீவிரத்தைக் குறிக்கும் க்ளீசன் மதிப்பு என்ன என்பது மூன்றாவது. நான்காவதாகிய எம்.ஆர்.ஐ. படம்தான் இன்று மிகவும் கைகொடுக்கிறது: கட்டி உறையை எவ்வளவு நீளத்திற்குத் தொட்டுக்கொண்டிருக்கிறது, உறை புடைத்திருக்கிறதா, நரம்புக் கற்றை இருக்கும் மூலை மழுங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் அது காட்டுகிறது. ஆயினும் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியக்கூடிய சிறு ஊடுருவலை எம்.ஆர்.ஐ. தவறவிடும், ஆகவே படம் தெளிவாக இருப்பதை மட்டும் வைத்து உறுதி கொள்ள முடியாது. பயாப்ஸிக்குப் பிறகு எடுத்த படமாக இருந்தால், ஊசி துளைத்த இடங்களில் தேங்கிய இரத்தம் படத்தைக் குழப்பக்கூடும். பயாப்ஸிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுப்பது சிறந்தது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றை வைத்து ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித்தனியே முடிவு எழுதப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, வலப்பக்கத்தில் தீவிரமான கட்டி உறையை நீளமாகத் தொட்டிருக்க, இடப்பக்கத்தில் பயாப்ஸி முழுவதும் சுத்தமாக இருந்தால், இடப்பக்கத்தை உறையை ஒட்டியே பிரிக்கலாம். வலப்பக்கத்தில் கற்றையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ சுரப்பியோடு சேர்த்து எடுக்க நேரிடும். ஒரு பக்கம் மட்டுமே காக்கப்பட்டாலும் விறைப்பு திரும்புவோர் உண்டு; ஆனால் இரு பக்கமும் காக்கப்பட்டவர்களைவிட வாய்ப்பு குறைவு.

அறுவை மருத்துவர்கள் இந்த அளவுகளைத் திசுப் படலங்களின் கணக்கில் பேசுகிறார்கள். சுரப்பியை வெங்காயம் போல எண்ணிக்கொள்ளலாம்: உள்ளே உறை, அதன்மேல் புரோஸ்டேட்டுக்கே உரிய மெல்லிய படலம், அதற்கும் வெளியே இடுப்புத் தளத் தசையைப் போர்த்திய படலம். நரம்புக் கற்றை கடைசி இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. உறைக்கும் முதல் படலத்திற்கும் இடையே பிரிப்பது படல உள்முறை. நரம்பு முழுவதும் தப்பும், புற்றுக்கு விடும் இடைவெளி மிகக் குறைவு. இரண்டு படலங்களுக்கும் நடுவே பிரிப்பது படல இடைமுறை. உறைமேல் ஒரு படலம் காப்பாக நிற்க, கற்றையின் பெரும்பகுதி தப்பும். இரண்டுக்கும் வெளியே செல்வது படல வெளிமுறை. கற்றை பகுதியாகவோ முழுவதுமாகவோ சுரப்பியோடு போய்விடும். சில மருத்துவமனைகளில் இதை எண்களால் தரப்படுத்துவார்கள். இதில் ஒரு எச்சரிக்கை: ஒரு முறையில் 1 என்பது முழுமையான காப்பு, 4 என்பது காப்பே இல்லை, வேறொரு முறையில் எண் கூடக்கூடக் காப்பும் கூடி 5இல் முழுமை அடைகிறது. ஆகையால் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். அதன் பொருளையும் கேளுங்கள்.

படி 4: மருத்துவரிடம் கேட்கவேண்டியவை

“நரம்பைக் காப்பீர்களா” என்று கேட்டால் “ஆம்” என்ற பதிலே வரும். அதிலிருந்து எதுவும் தெரியாது. “வலப்பக்கம் எந்த அளவு, இடப்பக்கம் எந்த அளவு காக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள், அதற்கு என் எம்.ஆர்.ஐ. படத்தில் என்ன ஆதாரம்” என்று கேளுங்கள். “உள்ளே பார்க்கும்போது கற்றை சுரப்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்” என்று கேட்டு, அப்போது எடுக்கப்படும் முடிவுக்கு உங்கள் சம்மதத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் வயதும் என் நிலையும் உடைய உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு, மாத்திரையோடு அல்லது மாத்திரை இன்றி, இரண்டு ஆண்டுகளில் உடலுறவுக்குப் போதுமான விறைப்பு வந்தது என்ற கேள்விக்கு மருத்துவர் தம் சொந்தக் கணக்கிலிருந்து பதில் சொல்லவேண்டும். நூல்களில் வரும் எண்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் செய்யும் மையங்களிலிருந்து வந்தவை.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். ரோபோ இருந்தால் நரம்பு தப்பிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 300க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்குத் திறந்த அறுவையும் மறுசாராருக்கு ரோபோ அறுவையும் செய்து, 2016இலும் 2018இலும் வெளியிட்ட முடிவுகளில், விறைப்பிலும் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரத்த இழப்பு ரோபோவில் குறைவு, மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைவு. மற்றபடி கை பழகியிருப்பதுதான் தீர்மானிக்கிறது: திறந்த அறுவை செய்தவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு மருத்துவர் ஏறத்தாழ 250 அறுவைகளைச் செய்து முடிக்கும் வரை அவருடைய நோயாளிகளுக்கு நோய் திரும்பும் விகிதம் குறைந்துகொண்டே வந்ததைக் காட்டியது.

படி 5: அறுவை அரங்கில் நடப்பது

இன்று மிகப் பரவலாக உள்ள, வயிற்றின் வழியே செல்லும் ரோபோ முறையை எடுத்துக்கொள்வோம். நோயாளியைத் தலை தாழ்ந்து கால் உயர்ந்த நிலையில் படுக்கவைத்து, வயிற்றைக் கரியமிலவாயுவால் உப்பச்செய்து, சிறு துளைகளின் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்துகிறார்கள். உள்ளிருக்கும் வாயு அழுத்தம் சிறு சிரைகளின் கசிவை அடக்குவதால் களம் தெளிவாகத் தெரிகிறது. கேமரா அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டுகிறது.

சிறுநீர்ப்பையை முன்வயிற்றுச் சுவரிலிருந்து விடுவித்து இறக்கி, புரோஸ்டேட்டின் முன்பக்கத்தை அடைகிறார்கள். சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுரப்பியிலிருந்து பிரித்து, பின்னால் இருக்கும் விந்துநாளங்களைத் துண்டித்து, விந்துப்பைகளை விடுவிக்கிறார்கள். நரம்புக்கு முதல் ஆபத்து இங்கேதான் வருகிறது. விந்துப்பையின் நுனியை ஒட்டியே இடுப்பறை நரம்பு வலை இருப்பதால், அங்கே இரத்தம் கசிகிறதென்று மின்சூட்டுக் கருவியை அழுத்தி வைத்தால், கற்றையைத் தொடும் முன்பே நரம்பு வேரிலேயே பட்டுப்போகும். அனுபவம் வாய்ந்தவர்கள் அந்த நுனியில் சூட்டைத் தவிர்த்துச் சிறு கிளிப்புகளைப் பயன்படுத்துவார்கள்.

அடுத்து, மலக்குடலுக்கும் புரோஸ்டேட்டுக்கும் இடையே உள்ள படலத்தின் வழியே சுரப்பியின் பின்பக்கத்தைப் பிரித்துக்கொண்டே அதன் கீழ்நுனியாகிய முனை வரை செல்கிறார்கள். பின்னர் பக்கவாட்டுப் படலத்தில், திட்டமிட்ட அளவுக்கேற்ற உயரத்தில், நீளவாக்கில் ஒரு கீறல். நரம்பிழைகள் திரைபோலப் பரவியிருக்கக்கூடும் என்று முன்பு சொன்னது இங்கே வந்து பொருந்துகிறது: 5 மணி நிலையில் மட்டும் கற்றையைத் தேடிக் கீறினால், பக்கவாட்டில் பரவிய இழைகள் அறுபடும். ஆகவே நோய் இடம் கொடுக்கும் பக்கத்தில், கீறலை முன்பக்கமாக உயரத் தொடங்கி, முழுத் திரையையும் ஒரு போர்வையை விலக்குவதுபோல வெளியே தள்ளுகிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ரோபோ புரோஸ்டேட் அறுவையை நிலைநாட்டிய, இந்தியாவில் பிறந்த மணி மேனன், இந்தத் திரைக்கு அஃப்ரடைட்டியின் முகத்திரை என்று கிரேக்கக் காதல் தேவதையின் பெயரை வைத்தார்.

முன்னும் பின்னும் பிரித்தாகிவிட்டதால், சுரப்பிக்கு இரத்தம் கொண்டுவரும் நாளத் தண்டு இப்போது தனியே நிற்கும். அதைச் சூடு வைக்காமல், கிளிப் போட்டுக் கத்தரிக்கிறார்கள். நரம்பைக் கெடுக்கும் எதிரிகள் மூன்று: வெட்டு, சூடு, இழுப்பு. வெட்டு எல்லோருக்கும் தெரியும். சூட்டைப் பற்றி ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நாய்களில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, கற்றைக்கு அருகே வெப்பக் கருவிகளைப் பயன்படுத்தியபோது நரம்பு வெட்டுப்படாமலே அதன் விறைப்புத் திறன் பெரிதும் குறைந்துவிட்டதைக் காட்டியது. இழுப்பு இவற்றைவிட மறைவானது. சுரப்பியை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடிக்கும்போது கற்றை நீண்டு இழுபடும். வெளிப்பார்வைக்கு முழுதாக இருந்தாலும் உள்ளே இழைகள் செயலிழக்கும். எனவே இழுக்கவேண்டியதைச் சுரப்பியின் பக்கமே இழுத்து, கற்றையை அது கிடக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து சுரப்பியை விலக்கி எடுப்பதே நல்ல கையின் அடையாளம். சிலர் இந்தப் பிரிப்பைச் சுரப்பியின் அடியிலிருந்து, அதாவது சிறுநீர்ப்பையை ஒட்டிய மேற்பக்கத்திலிருந்து, முனை நோக்கிச் செய்கிறார்கள். வேறு சிலர் கற்றையை முனைப்பக்கத்தில் முதலில் விடுவித்துவிட்டு, அடி நோக்கித் திரும்புகிறார்கள்.

கடைசியில் சுரப்பியின் முனை. கற்றை இங்கே சிறுநீர்ப்புறவழிக்கு மிக நெருங்கி ஓடுகிறது. சுருக்குத்தசையும் இங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் அதிகமாக வெட்டினால் சிறுநீர்க் கட்டுப்பாடு போகும். குறைவாக வெட்டினால் சுரப்பித் திசு தங்கும். முன்பக்கச் சிரைத் தொகுதியைக் கட்டி, புறவழியைக் கூடுமானவரை நீளமாக விட்டுத் துண்டித்து, சுரப்பியைப் பையிலிட்டு எடுக்கிறார்கள். பின்னர் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் புறவழியையும் தொடர்தையலால் இணைத்து, சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாயாகிய கதீட்டரை வைத்து முடிக்கிறார்கள். தையல் ஊசி பக்கவாட்டில் அகலமாகப் பாய்ந்து கற்றையைக் கோத்துவிடக்கூடாது என்பது இந்தக் கட்டத்தின் கவலை.

இத்தாலியின் மிலான் நகரில் போச்சார்டியும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட வேறொரு பாதையும் உண்டு. முன்பக்கத்தைத் தொடாமல், சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே பின்னாலிருந்தே சுரப்பியை எடுப்பது அது. சிறுநீர்க் கட்டுப்பாடு இதில் விரைவாகத் திரும்புகிறது. ஆனால் சில மையங்களின் முடிவுகளில், முன்பக்கக் கட்டி உடையவர்களுக்கு நேர்மறை விளிம்பு கூடுவதாகத் தெரிவதால், யாருக்கு இது பொருந்தும் என்பதில் கவனம் தேவை.

படி 6: அறுவை நடக்கும்போதே சரிபார்த்தல்

எம்.ஆர்.ஐ. தவறவிடும் ஊடுருவலை எப்படி அறிவது? சுரப்பியை வெளியே எடுத்தவுடன், நரம்புக் கற்றையைத் தொட்டிருந்த பகுதியை இரு பக்கமும் நீளவாக்கில் சீவி, உறையவைத்து, நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள மார்ட்டினி மருத்துவமனை பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. நியூரோசேஃப் என்பது அதன் பெயர். நோயாளி மேசையில் இருக்கும்போதே முடிவு வந்துவிடும். விளிம்பு சுத்தமாக இருந்தால் கற்றை அப்படியே இருக்கும்; புற்றணு தெரிந்தால் அந்தப் பக்கத்துக் கற்றையை மட்டும் எடுத்துவிடுவார்கள். சந்தேகத்தின் பேரில் முன்கூட்டியே நரம்பைப் பலிகொடுக்கவேண்டிய தேவை இதனால் குறைகிறது. பிரிட்டனின் 5 அரசு மருத்துவமனைகளில் குலுக்கல் முறையில் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், இந்தப் பரிசோதனையோடு அறுவை செய்துகொண்டவர்களில் 39 சதவீதத்தினருக்கு ஓராண்டு முடிவில் விறைப்புக் குறைபாடு இல்லாமலோ லேசாக மட்டுமோ இருந்தது. வழக்கமான அறுவை செய்துகொண்டவர்களில் இது 23 சதவீதம். உறைநிலைத் திசுவைப் படிக்கத் தேர்ந்த நோயியல் மருத்துவர் அரங்கத்தருகே இருக்கவேண்டியிருப்பதால், எல்லா மருத்துவமனைகளிலும் இந்த வசதி இல்லை. அந்த 39 என்ற எண்ணையும் கூர்ந்து பார்க்கவேண்டும்: சிறந்த முறையோடு செய்தும், ஓராண்டில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விறைப்பு இன்னும் சரியாகவில்லை.

படி 7: முதல் சில வாரங்கள்

கதீட்டர் பொதுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இருக்கும். எடுத்தபின் சிறுநீர் கசிவது இயல்பு. இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டவர்களுக்கு இது எளிதாகிறது. நோயியல் அறிக்கை வந்ததும், இரு பக்க விளிம்புகளின் நிலையையும், அறுவைக் குறிப்பில் எழுதப்பட்ட நரம்புக் காப்பின் அளவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்குப் பின் எடுக்கும் பி.எஸ்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பின்னாளில் அது ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு ஏறினால் நோய் திரும்பியதாகக் கருதி, கதிர்வீச்சு பற்றிப் பேசுவார்கள். அந்தக் கதிர்வீச்சு, மீண்டுவரும் நரம்பையும் பாதிக்கக்கூடும்.

படி 8: விறைப்பு திரும்பும் வரை

காக்கப்பட்ட நரம்பும் அதிர்ச்சிக்கு உள்ளாகி முதல் சில மாதங்கள் உறங்கிவிடும். பலருக்கு ஓராண்டில் மாற்றம் தெரியும். இரண்டு ஆண்டுகள் வரையிலும், சிலருக்கு அதற்குப் பின்னும்கூட முன்னேற்றம் தொடர்கிறது. இந்த உறக்கக் காலத்தில், இரவில் தூக்கத்தில் இயல்பாக வரும் விறைப்புகள் நின்றுபோவதால், ஆணுறுப்பின் பஞ்சுத்திசுவுக்கு உயிர்வளி நிறைந்த இரத்தம் போதிய அளவு வராமல் அது நார்த்தன்மை அடையத் தொடங்குகிறது. நரம்பு விழிக்கும்போது திசு கெட்டிருந்தால் பயனில்லை என்பதால்தான் மறுவாழ்வுச் சிகிச்சை என்ற எண்ணமே பிறந்தது.

சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற மாத்திரைகள் அதில் முதற்படி. இவை வேலை செய்ய ஓரளவேனும் நரம்பு உயிரோடு இருக்கவேண்டும். இரு கற்றைகளும் எடுக்கப்பட்டவருக்கு இவை பெரும்பாலும் உதவுவதில்லை. 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தினமும் 5 மில்லிகிராம் தடாலாஃபில் 9 மாதங்கள் எடுத்துக்கொண்டவர்களுக்கு, மருந்து எடுத்த காலத்தில் விறைப்பு மேம்பட்டது, ஆணுறுப்பின் நீளக் குறைவும் குறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்திய பிறகு, மருந்தின்றி வரும் விறைப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இதை நரம்பைக் குணப்படுத்தும் மருந்தாக நம்பாமல், உடலுறவை இடைவிடாது தொடரவும் திசுவைப் பேணவும் உதவும் துணையாகக் கொள்வதே சரி. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு வீழ்ந்துவிடும்.

மாத்திரைக்கு அசையாதவர்களுக்கு வெற்றிடக் குழாய்க் கருவி இருக்கிறது. அது நரம்பின் உதவியின்றி இரத்தத்தை இழுத்து நிரப்புகிறது. ஆணுறுப்பின் பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் அல்ப்ரோஸ்டாடில் போன்ற மருந்தைச் செலுத்துவதும் நரம்பைச் சாராத வழியே. கேட்கவே அச்சமாக இருக்கும் இந்த ஊசியை, மருத்துவமனையில் முறையாகக் கற்றுக்கொண்ட பலர் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறார்கள். விறைப்பு 4 மணி நேரத்திற்கு மேல் தணியாமல் நின்றால் அதை அவசர நிலையாகக் கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். விறைப்பு முழுமையாக வராத காலத்திலும் உச்சம் அடையமுடியும் என்பதையும், அந்த நேரத்தில் சிலருக்குச் சிறிது சிறுநீர் கசியக்கூடும் என்பதையும் தம்பதியர் முன்பே அறிந்திருந்தால், பல வீடுகளில் ஏற்படும் மௌனமான விலகலைத் தவிர்க்கலாம்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தும், மாத்திரையும் ஊசியும் பயனளிக்காத நிலையில், ஆணுறுப்பினுள் பொருத்தப்படும் உள்பொருத்து பற்றிப் பேசலாம். விதைப்பையில் வைக்கும் சிறு பம்பை அழுத்தினால், வயிற்றினுள் வைத்த பையிலிருந்து திரவம் உருளைகளுக்குள் பாய்ந்து அவற்றை விறைக்கச் செய்யும் அமைப்பு அதில் பரவலானது. இது விறைப்பு நரம்பை எந்த வகையிலும் சார்ந்ததல்ல. ஆகவே நோயின் தீவிரத்தால் இரு பக்கக் கற்றைகளையும் இழந்தவருக்கும் இது பயன்படும். தொடு உணர்வும் உச்ச உணர்வும் வேறு நரம்பின் வழியே வருவதால் அவை அவருக்கும் எஞ்சியிருக்கும்.